திருப்பதி பஸ்ஸில் ஏறும் தம்பி தங்கைகளுக்கு

தமிழ்நாட்டிலிருந்து திருமலைக்கும், சித்தூர்ப் பக்கத்து அருவிகளுக்கும் வரும் இளைஞர்களே,

மாதவரத்தில் பஸ் ஏறி வருகிறீர்கள். சப்தகிரி ரயிலில் முண்டியடித்து இடம் பிடித்து வருகிறீர்கள். நாலைந்து பேர் காசு போட்டு வாடகைக்குக் கார் எடுத்து, திருத்தணி, நகரி, புத்தூர் தாண்டி விடிவதற்குள் அலிபிரிக்கு வந்துவிடுகிறீர்கள். சிலர் மலைக்கே வருவதில்லை. தடா அருவி, நாகலாபுரம், கைலாசகோனா, தலகோனா என்று தண்ணீர் விழும் இடம் தேடிப் போய்விடுகிறீர்கள். தாராளமாக வாருங்கள். எங்கள் பக்கத்துக் கடைத்தெருக்களில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். புரட்டாசிச் சனிக்கிழமையில் நடந்து வருகிறவர்களுக்கு வழியெல்லாம் மோர் கொடுக்கிற ஊர்கள் இவை.

சித்தூர்க்காரன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஞ்சாவைப் பற்றித்தான்.

எங்கள் பக்கத்து நீதிமன்ற வாசல்களில் தமிழ் பேசும் அப்பா அம்மாக்களைப் பார்க்கிறேன். தெலுங்குப் பலகையைப் படிக்கத் தெரியாமல், எந்த அறைக்குப் போவது என்று விசாரித்துக்கொண்டு நிற்பார்கள். பையன் சாமி கும்பிடத்தான் போனான், நல்ல பிள்ளை, சிகரெட்கூடத் தொடமாட்டான் என்று சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வக்கீல் அவர்களிடம் முதலில் கேட்பது பையனின் குணத்தை அல்ல. "எத்தனை கிலோ?" என்றுதான் கேட்பார். அந்த ஒரு பதிலில் பிள்ளையின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது.

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-இல் வந்தது. மத்திய சட்டம் என்பதால் சென்னைக்கும் சித்தூருக்கும் அதில் வித்தியாசம் கிடையாது. யாத்திரிகர், சுற்றுலாப் பயணி, மாணவர், வெளிநாட்டுக்காரர் என்று யாருக்கும் தனிச் சலுகையும் கிடையாது. அதன் 20-ஆம் பிரிவு, கஞ்சா வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, எடுத்துச் செல்வது, பயன்படுத்துவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் குற்றம் என்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதைத் தனியாகவும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தடாவையோ நகரியையோ தாண்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தண்டனையை எடைதான் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ வரை "சிறிய அளவு": ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டி 20 கிலோவுக்குள் இருந்தால் பத்து வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும். 20 கிலோவைத் தாண்டினால் "வணிக அளவு". அங்கே பத்து வருடம் என்பதே குறைந்தபட்சம். இருபது வரை போகும். அபராதமும் ஒரு லட்சத்தில் தொடங்கும். நீதிபதி எவ்வளவு இரக்கப்பட்டாலும் பத்துக்குக் கீழே இறங்கச் சட்டம் இடம் தரவில்லை.

இதே செடியிலிருந்து எடுக்கும் பிசின், அதாவது சரஸ், ஹசீஷ் எண்ணெய் என்றால் கணக்கே வேறு. 100 கிராமைத் தாண்டினாலே அது சிறிய அளவு இல்லை. ஒரு கிலோவைத் தாண்டினால் வணிக அளவாகிவிடும். சட்டைப் பையில் அடங்கும் ஒரு பாட்டில் எண்ணெய் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதை அதைக் கைமாற்றிவிடுகிறவன் உங்களிடம் சொல்லமாட்டான்.

காசிக்குப் போய் வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: அங்கே பாங் கடை அரசு உரிமத்தோடு நடக்கிறதே? நடக்கிறது. சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூவும் காயும் சேர்ந்த கொத்தைத்தான். கொத்து இல்லாமல் இலையும் விதையும் மட்டும் இருந்தால் அந்த வரையறைக்குள் வராது. அது மாநிலங்களின் கலால் விதிகளுக்குப் போய்விடும். 1961-இல் உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்திலேயே இலைக்கு இந்த விலக்கு உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் இந்த விதி மாறும். காசியில் குடித்ததை நினைத்துக்கொண்டு திருப்பதிக்கு ஒரு பொட்டலம் கொண்டு வராதீர்கள். சாமியார் ஒருவர் மரத்தடியில் சிலும்பி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கும் சட்டத்தில் விலக்கு இல்லை. யாரும் அவரைப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எடையைவிட நான் அதிகம் பயப்படுவது பையைப் பற்றி. இளைஞர்கள் மாட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

"அண்ணா, இந்தப் பையை ரேணிகுண்டா வரை பார்த்துக்கோங்க" என்பார் ஒருவர். "காட்பாடியில் நம்ம ஆள் வந்து வாங்கிக்குவான், ஐந்தாயிரம் தருகிறேன்" என்பார் இன்னொருவர். காரின் டிக்கியில் நண்பனின் நண்பன் ஒரு மூட்டையை வைப்பான். என்னவென்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். இந்த மூன்று இடத்திலும் பிற்பாடு "எனக்குத் தெரியாது" என்று சொல்லத்தான் செய்வீர்கள். ஆனால் இந்தச் சட்டம் மற்றச் சட்டங்களைப் போல இல்லை. 35-ஆம் பிரிவு, குற்ற எண்ணம் உங்களுக்கு இருந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்கிறது. 54-ஆம் பிரிவு, பொருள் உங்கள் வசம் இருந்ததாக நிரூபணமாகிவிட்டால் அதற்குத் திருப்தியான விளக்கம் சொல்லும் பொறுப்பை உங்கள் தலையில் வைக்கிறது. தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் ஒரு காரில் சேர்ந்து போனவர்களின் பையில் சரஸ் கிடைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மதன்லால் வழக்கு என்பார்கள். 2003-இல் நீதிமன்றம் காரில் இருந்தவர்களின் தண்டனையை உறுதி செய்தது. பை ஒருவர் கையில் இருந்ததா, இருக்கைக்கு அடியில் கிடந்ததா என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. ஒரே காரில் திருப்பதிக்கு வரும் ஐந்து நண்பர்கள் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களில் ஒருவன் மட்டும் செய்த காரியத்துக்கு மற்ற நாலு பேரும் பதில் சொல்ல வேண்டி வரும்.

காரும் போகும். 60-ஆம் பிரிவின்படி கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் எச்சரிக்கையாகவே இருந்தேன் என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். அப்பா தவணை கட்டிக்கொண்டிருக்கும் காரை எடுத்து வருகிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

இந்தப் பைகள் எங்கிருந்து வருகின்றன? விசாகப்பட்டினத்துக்கு மேற்கே, ஒடிசா எல்லையை ஒட்டிய மன்யம் மலைகளிலிருந்து. 2022 ஏப்ரலில் ஆந்திரத்தின் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது அந்தப் பகுதி அல்லூரி சீதாராம ராஜு மாவட்டமானது. அதே நாளில்தான் சித்தூரிலிருந்து திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மன்யத்தின் பழங்குடி விவசாயிகளுக்கு வியாபாரிகள் முன்பணம் கொடுத்து, சாலை இல்லாத சரிவுகளில் பயிரிடச் செய்தார்கள். 2021-இன் கடைசியில் ஆந்திரப் போலீஸ் "பரிவர்த்தனா" என்ற பெயரில் அந்தத் தோட்டங்களை வெட்டி அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி பக்கம் இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவை ஒரே இடத்தில் குவித்து எரித்தார்கள். 2024-இல் இதற்கென்றே ஈகிள் என்று தனிப் படையும் அமைத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ், சைலேந்திர பாபு டி.ஜி.பி.யாக இருந்த காலத்தில், "கஞ்சா வேட்டை" என்று வரிசையாக நடத்தியது.

ஆகவே நீங்கள் வரும் வழி எல்லாமே கண்காணிப்பில் இருக்கும் வழி. வடக்கேயிருந்து வரும் ரயில்கள் கூடூரில் பிரிந்து ரேணிகுண்டா, காட்பாடி வழியாக மேற்கே போகின்றன. சாலையில் எளாவூர், ஊத்துக்கோட்டை, பொன்பாடி, கிறிஸ்தியான்பேட்டை என்று சோதனைச் சாவடிகள். கடத்துகிறவர்களும் இதை அறிவார்கள். அதனால்தான் அவர்களுக்கு யாத்திரிகக் கூட்டம் வேண்டியிருக்கிறது. மொட்டைத் தலையும் நெற்றியில் நாமமும் கையில் லட்டுப் பையுமாகத் திரும்புகிறவனை யார் சந்தேகப்படுவார்கள் என்ற கணக்கு அது. பெருமாள் பெயரைச் சொல்லி வருகிறவனின் பையை அப்படிப் பயன்படுத்தப் பார்க்கிறவர்கள் மீது எனக்கு அடங்காத கோபம் உண்டு.

இதை எழுதும்போது செம்மரக் கடத்தல் நினைவுக்கு வராமல் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று இதே சேஷாசல மலைக்காட்டில் ஆந்திர அதிரடிப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து ஏழைகள். மரத்தை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களில் ஒருவர்கூட அந்தக் காட்டில் இல்லை. நாள் கூலியைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்து அவர்களை மலையேற்றிய தரகர்களும் இல்லை. பத்து வருடத்துக்குப் பிறகும் அதே மலையடிவாரத்தில் அதே ஏற்பாடுதான் நடக்கிறது. அன்று கோடாலி கொடுத்தார்கள், இன்று பை கொடுக்கிறார்கள். கொடுக்கிறவன் பெயர் குற்றப் பத்திரிகையில் வருவது அரிது. சுமக்கிறவன் பெயர் முதல் வரியிலேயே இருக்கும்.

திருமலையில் மது, புகையிலை, மாமிசம் எதற்கும் அனுமதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அலிபிரியில் வண்டியையும் பையையும் சோதித்துத்தான் மேலே விடுகிறார்கள். பீடிக் கட்டு இருந்தால் வாங்கிப் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். கஞ்சா அப்படி இல்லை. அது கிடைத்த இடத்திலேயே தரிசனம் முடிந்துவிடும். ஸ்டேஷன், மாஜிஸ்திரேட், சிறை என்று வேறு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அருவிக்கரையில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில். புகைத்ததற்கு மட்டும் 27-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சொல்கிறது.

ஒருவேளை போலீஸ் உங்களை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தப்பு செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் இது உரியது. ஓடாதீர்கள். எதிர்த்துக் கை ஓங்காதீர்கள். உடலைச் சோதிக்கப் போகிறார்கள் என்றால், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துப் போய்ச் சோதிக்கும்படி கேட்கும் உரிமை 50-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த உரிமை இருப்பதை அவர்களே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் கையில் இருக்கும் பையை மட்டும் சோதிப்பதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. பெண்ணைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் மொழி. பஞ்சநாமா, அதாவது சாட்சிகள் முன்னால் சோதனையைப் பற்றி எழுதும் தாள், தெலுங்கில் இருக்கும். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன எழுதியிருக்கிறது, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் கிடைக்காமல் போகமாட்டார். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக ஏற்பாடு செய்யும். மிரட்டி வாக்குமூலம் வாங்கிவிட்டார்களே என்று பயந்து நம்பிக்கை இழந்துவிடாதீர்கள். இந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின் கீழ் விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு.

ஆனால் இந்த உரிமைகளை நம்பி யாரும் துணியக்கூடாது. வணிக அளவு என்று பதிவாகிவிட்டால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, ஜாமீனில் போனால் மறுபடி குற்றம் செய்யமாட்டான் என்று நீதிபதிக்கு இரண்டும் திருப்தியானால்தான் ஜாமீன். வழக்கு தொடங்கும் முன்பே இதை எப்படிக் காட்டுவது? குற்றப் பத்திரிகை தாக்கல் செய்ய மற்றக் குற்றங்களில் 60 நாள், 90 நாள் என்றால் இங்கே 180 நாள். ஒரு வருடம் வரை நீட்டிக்கவும் கேட்கலாம். கடைசியில் விடுதலையே ஆனாலும், அதற்குள் போன படிப்பையும் வேலையையும் எந்த நீதிமன்றமும் திருப்பித் தருவதில்லை.

வெளிநாட்டிலிருந்து தரிசனத்துக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து வயது வந்தவர்கள் 30 கிராம் வரை பொது இடத்தில் வைத்திருக்கலாம். தாய்லாந்தில் 2022-இல் திறந்துவிட்டு, 2025-இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். டொரான்டோவில் கடையில் ரசீதோடு வாங்கியது சென்னை விமான நிலையத்தில் கடத்தல் பொருளாகிவிடும். சிங்கப்பூரிலோ 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா என்ற தமிழரை, ஒரு கிலோவுக்குச் சற்று மேலான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று தூக்கிலிட்டார்கள். இங்கே சட்டம் "சிறிய அளவு" என்று வைத்திருக்கும் எல்லையை ஒட்டிய எடை அது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்துவிட்டுப் போனாலும் அங்கே அது குற்றம்தான். இந்தியாவில்தானே செய்தேன் என்ற பேச்சு செல்லாது.

இதையெல்லாம் சொல்வதால் இந்தச் சட்டம் முழுக்க நியாயமானது என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1893-94-இல் வெள்ளைக்கார அரசே ஒரு குழு போட்டு, மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம் என்று அறிக்கை வாங்கியது. 1985 வரை சில மாநிலங்களில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள்கூட இருந்தன. 2020 டிசம்பரில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையத்தில், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க இந்தியாவும் சேர்ந்துதான் வாக்களித்தது. உள்நாட்டிலோ ஒரு பொட்டலம் வைத்திருந்த 19 வயதுப் பையனை இன்னமும் சிறைக்கு அனுப்பச் சட்டம் இருக்கிறது. புகைத்தவனைச் சிறையில் போடுவது அவனுக்கும் நல்லதில்லை, நாட்டுக்கும் நல்லதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அங்கே அவனுக்குக் கிடைக்கும் நட்பு, பை கொடுக்கிறவனின் நட்பு. சட்டம் மாற வேண்டும் என்று கேளுங்கள், எழுதுங்கள், உங்கள் எம்.பி.யிடம் போய்ப் பேசுங்கள். நானும் கூட நிற்கிறேன். ஆனால் மாறும் வரை அதன் தராசில் நிற்கப் போவது நீங்கள்தான்.

புகையும் தீங்கற்றது என்று சொல்லமாட்டேன். இளவயதில் தொடங்கி அடிக்கடி புகைக்கிறவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்களில் சிலருக்கு இது ஏற்கெனவே விட முடியாத பழக்கமாக ஆகியிருக்கலாம். அவர்களுக்காகத்தான் இந்தச் சட்டத்திலேயே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். 64-ஏ பிரிவு அது. பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ புகைத்த வழக்கிலோ சிக்கினால், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். இந்தப் பிரிவைப் பற்றி வழக்கில் சிக்கிய பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்ல ஆளில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் நண்பனின் அப்பாவுக்கு நீங்களாவது சொல்லுங்கள்.

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் பையை நீங்களே கட்டுங்கள், நீங்களே தூக்குங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் பிறர் பையை மடியில் வாங்காதீர்கள். கார் கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். நண்பன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். யாராவது பணம் தருகிறேன் என்று மூட்டை கொடுத்தால் தமிழ்நாட்டில் 10581, ஆந்திரத்தில் 1972, நாட்டில் எங்கிருந்தும் 1933 என்ற எண்களில் சொல்லுங்கள். பழக்கத்திலிருந்து வெளியே வர வேண்டுமென்றால் 14446-ஐ அழையுங்கள். அது சிகிச்சைக்கான உதவி எண். மலைக்கு வாருங்கள், அருவியில் குளியுங்கள், வெறும் லட்டோடு வீடு போய்ச் சேருங்கள்.

அன்புடன்,
சித்தூரிலிருந்து உங்கள் அண்ணன்